மீதியை வெள்ளித்திரையில் காண்க: பழைய காதல் நகைச்சுவைப் படங்களும் அவற்றைச் சேகரிப்போரும்

1. கேள்வி

திரைப்படம் சேகரிப்பவர்களிடம் ஒரு வினோதமான பழக்கம் உண்டு. வரலாற்றுச் சிறப்புள்ள படம், விருது பெற்ற படம், கிடைப்பதற்கு அரிய படம் என்று தேடித் திரிபவர்கள்கூட, அலமாரியில் கைக்கு எட்டும் தட்டில் வைத்திருப்பது பழைய காதல் நகைச்சுவைப் படங்களைத்தான். ஆங்கிலப் படங்களில் ‘இட் ஹேப்பண்ட் ஒன் நைட்’ (1934), ‘பிரிங்கிங் அப் பேபி’ (1938), ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’ (1940), ‘ரோமன் ஹாலிடே’ (1953), ‘சம் லைக் இட் ஹாட்’ (1959) ஆகியவை இந்த வரிசையில் வரும். தமிழில் ‘சபாபதி’ (1941), ‘மிஸ்ஸியம்மா’ (1955), ‘சபாஷ் மீனா’ (1958), ‘அடுத்த வீட்டுப் பெண்’ (1960), ‘காதலிக்க நேரமில்லை’ (1964), ‘அன்பே வா’ (1966) என்று அடுக்கலாம்.

இவை பெரிய கருத்துகளைப் பேசுவதாகச் சொல்லிக்கொள்ளாத படங்கள். முடிவு என்னவென்று டிக்கெட் வாங்கும்போதே தெரியும். அப்படியிருந்தும் இவற்றை ஏன் காசு கொடுத்து வாங்கி, தூசி தட்டி, பத்திரப்படுத்துகிறார்கள்? அந்தச் சேகரிப்பால் தமிழ்த் திரைப்பட ஆய்வுக்கு ஏதும் பயன் உண்டா? இக்கட்டுரை இந்த இரண்டு கேள்விகளையும் தேனி மாவட்டத்துத் தேவாரம் பகுதியில் நின்று கேட்கிறது. போடிக்கும் கம்பத்துக்கும் இடையில், ஏலமலைச் சரிவின் அடியில் இருக்கும் ஊர் அது. சில மைல் தூரத்தில் பண்ணைப்புரம். இந்தப் படங்களில் எஸ்டேட்டும் மலை பங்களாவும் காதலுக்குப் பின்னணி. தேவாரத்து மக்களுக்கோ எஸ்டேட் என்பது நாள்தோறும் ஜீப் ஏறிப் போகும் வேலைத்தலம். ஆகவே இந்த ஈர்ப்பைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

2. வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள்

இந்த ஈர்ப்புக்கு மூன்று காரணங்கள் சொல்வது வழக்கம். முதலாவது, கடந்த கால ஏக்கம். இளமையில் பார்த்த படத்தை முதுமையில் தேடுகிறார்கள் என்பது இதன் சாரம். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் பாதி உண்மை. 1990களில் பிறந்த ஒருவர் 1934ஆம் ஆண்டின் ‘இட் ஹேப்பண்ட் ஒன் நைட்’டில் மயங்குவதற்கு அவருடைய இளமை நினைவு காரணமாக முடியாது. மயாமியிலிருந்து நியூயார்க்குக்குப் போகும் இரவுப் பேருந்தில் ஏறியே இராத தமிழருக்கு அதில் ஏக்கம் கொள்ள என்ன இருக்கிறது?

இரண்டாவது, நட்சத்திரப் பற்று. கேரி கிரான்ட், கேத்தரின் ஹெப்பர்ன், ஜெமினி கணேசன், சாவித்திரி என்று பெயர்களைச் சொன்னாலே போதும் என்பார்கள். நட்சத்திர அபிமானி தன் நட்சத்திரம் நடித்த எல்லாப் படங்களையும் சேர்ப்பார். வகை பார்க்க மாட்டார். ஆனால் தமிழில் இவ்வகையின் உச்சமாகக் கருதப்படும் ‘காதலிக்க நேரமில்லை’யில் எம்.ஜி.ஆரும் இல்லை, சிவாஜியும் இல்லை. நாயகர்களில் ஒருவரான ரவிச்சந்திரனுக்கு அதுதான் முதல் படம். படத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் பாலையாவும் நாகேஷும். நட்சத்திரப் பற்று என்ற விளக்கம் இங்கே தடுக்கிவிழுகிறது.

மூன்றாவது, அருமை. கிடைக்காததைச் சேர்ப்பதே சேகரிப்பு என்ற எண்ணம். இதுவும் நிற்காது. ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’யின் காப்புரிமை உரிய காலத்தில் புதுப்பிக்கப்படாததால் அது பொதுவுடைமையானது, கண்ட கண்ட நிறுவனமெல்லாம் அதைப் பிரதியெடுத்து விற்றது. ‘மை மேன் காட்ஃப்ரே’க்கும் (1936) இதே கதைதான். எங்கும் கிடைக்கும் படத்தை அருமை கருதி யாரும் வாங்குவதில்லை.

ஆய்வாளர்கள் பக்கம் திரும்பினால், அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் ஸ்டான்லி கேவல் 1981இல் எழுதிய நூல் இத்துறையில் திருப்புமுனை. 1930கள், 40களின் ஏழு ஹாலிவுட் காதல் நகைச்சுவைப் படங்களை எடுத்துக்கொண்டு, அவை ‘மறுமணம்’ பற்றிய நகைச்சுவைகள் என்று வாதிட்டார். பிரிந்த ஆணும் பெண்ணும் ஒருவரோடொருவர் பேசப் பழகி மறுபடியும் சேர்வதே அவற்றின் கதை என்றார். அதே 1981இல்தான் தமிழ்த் திரைப்பட ஆய்வின் இரு அடிப்படை நூல்கள் வெளிவந்தன: கா. சிவத்தம்பி தமிழ்ப் படத்தை அரசியல் தொடர்பு ஊடகமாகப் பார்த்தார், சு. தியடோர் பாஸ்கரன் தேசிய இயக்கத்துக்கும் நாடகம், சினிமாவுக்கும் இருந்த உறவை எழுதினார். 1992இல் எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆர். பிம்பத்தை ஆராய்ந்தார். திரையிலிருந்து முதலமைச்சர்கள் வந்த மாநிலத்தில் ஆய்வு அரசியல் பக்கம் சாய்ந்தது நியாயமே. ஆனால் அந்தச் சாய்வில் காதல் நகைச்சுவை பேசப்படாமல் போயிற்று. ஆய்வாளர் கைவிட்டதைக் காப்பாற்றியவர் சேகரிப்பாளர்.

3. எதைச் சேர்த்தார்கள்?

அமெரிக்கச் சேகரிப்பாளர் என்றால் 16 மி.மீ. பிரிண்டும் வீட்டுப் புரொஜெக்டரும் நினைவுக்கு வரும். அங்கே அது ஆபத்தில்லாத பொழுதுபோக்காகவும் இருக்கவில்லை. 1974இல் நடிகர் ராடி மெக்டவல் வீட்டில் எஃப்.பி.ஐ. சோதனை நடத்தி அவருடைய படச் சுருள்களை அள்ளிச் சென்றது. ஸ்டுடியோக்கள் சேகரிப்பாளரைத் திருடராகப் பார்த்த காலம் அது.

தமிழ்நாட்டில் தனியார் கையில் சுருள் சேர்ந்தது அபூர்வம். இங்கே சேர்ந்தவை காகிதமும் ஒலியும். பாட்டுப் புத்தகம், நோட்டீசு, சுவரொட்டி, ஸ்டில், இசைத்தட்டு, பின்னர் ஒலிநாடா, வி.சி.டி., டிவிடி. கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதி வந்த ரோஜா முத்தையா சேர்த்த பெருந்தொகுப்பில் நூல்களோடு திரைப்படப் பாட்டுப் புத்தகங்களும் இருந்தன. அவர் 1992இல் மறைந்தார். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. அது சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயிற்று. மக்கள் தொடர்பாளரும் புகைப்படக்காரருமான ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் (மறைவு: 2016) ஸ்டில்களையும் பட விவரங்களையும் வாழ்நாள் முழுதும் சேர்த்தார், அத்தொகுப்பைத் தமிழக அரசு விலைக்கு வாங்கியது.

பாட்டுப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்போம். மலிவான தாள், நடுவில் இரண்டு கம்பி ஊசி, அட்டையில் நாயகன், நாயகி படம். உள்ளே முதலில் நடிகர், தொழில்நுட்பக் கலைஞர் பட்டியல். அடுத்து ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ கதைச் சுருக்கம். பிறகு பாடல்கள். கதைச் சுருக்கம் பெரும்பாலும் முடிவைச் சொல்லாது. சிக்கல் முற்றும் இடத்தில் இரண்டு மூன்று கேள்விகளை அடுக்கிவிட்டு, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிறுத்திவிடும். சோகப் படத்துக்கு இந்த வரி ஒரு பதற்றத்தைக் கிளப்பும்: அவள் பிழைப்பாளா, மாட்டாளா? காதல் நகைச்சுவைக்கோ அந்தப் பதற்றம் பொருந்தாது. கல்யாணத்தில்தான் முடியும் என்பது படிப்பவருக்குத் தெரியும். அப்படியானால் வெள்ளித்திரையில் காண வேண்டிய அந்த ‘மீதி’ என்ன? அவர்கள் எப்படிப் பேசினார்கள், எப்படி மாட்டிக்கொண்டார்கள், எப்படித் தப்பினார்கள் என்பதுதான். படத்தின் முழுச் சுவையும் இந்த ‘எப்படி’யில் இருக்கிறது. இதுவே இக்கட்டுரையின் விடைக்கு முதல் தடயம்.

இரண்டாவது தடயம் ஒலியில் கிடைக்கிறது. இலங்கை வானொலியும் அகில இந்திய வானொலியும் படத்தின் வசனத்தைச் சுருக்கி ஒலிச்சித்திரமாக ஒலிபரப்பின. ‘கதை வசனம்’ இசைத்தட்டாகவும் ஒலிநாடாவாகவும் வந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில் கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்றால் மைக் செட்காரர் குழாயைக் கட்டிக் கதை வசனம் போடுவது வழக்கமாக இருந்தது. படம் பார்க்காதவர்களுக்கும் வசனம் மனப்பாடம். ‘கல்யாணப் பரிசு’ (1959) கண்ணீரில் முடியும் காதல் கதை. ஆனால் குழாயில் ஊர் கேட்டது அதில் தங்கவேலுவும் எம். சரோஜாவும் பேசும் மன்னார் அன் கம்பெனிப் பகுதியை. பண்ணைப்புரத்துக்காரரான கங்கை அமரன் இயக்கி, அவர் அண்ணன் இளையராஜா இசையமைத்த ‘கரகாட்டக்காரன்’ (1989) மதுரையில் ஓராண்டுக்கு மேல் ஓடியது. போட்டியில் சந்தித்த இரண்டு ஆட்டக் கலைஞர்களின் காதல் கதை அது. அதிலும் கவுண்டமணி, செந்திலின் வாழைப்பழப் பேச்சு ஒலிநாடா வழியாகத் தனி வாழ்வு பெற்றது. பார்க்காமல் கேட்டாலே நிற்கும் தன்மை பேச்சை நம்பிய படங்களுக்கே வாய்க்கும்.

4. மறுபடி பார்க்கத் தாங்கும் கட்டமைப்பு

சேகரிப்பது என்பது மறுபடியும் பார்ப்பேன் என்று சொல்லும் உறுதி. ஒரே தடவை பார்த்துவிட்டு வைக்கப்போகும் படத்தைச் சொந்தமாக வைத்துக்கொள்ளத் தேவையில்லை. துப்பறியும் படம் மர்மம் அவிழ்ந்ததும் பாதி வலுவை இழக்கிறது. சோகப் படத்தை அடிக்கடி பார்க்க மனம் இடம் தராது. காதல் நகைச்சுவை மட்டுமே, தெரிந்த முடிவை நோக்கித் தெரிந்த வழியில் போனாலும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைக் காட்டுகிறது. அதன் இயக்கம் கதையில் இல்லை. நேரக் கணக்கில், பேச்சின் தாளத்தில், முகத்தில் ஓடும் மாற்றத்தில் இருக்கிறது. என் வாதத்தின் மையம் இதுதான்.

‘இட் ஹேப்பண்ட் ஒன் நைட்’டில் ஓடிவந்த பணக்காரப் பெண்ணும் வேலை போன பத்திரிகையாளனும் மழையில் பேருந்து நின்றுபோக, ஒரே அறையில் இரவைக் கழிக்க நேர்கிறது. அவன் இரண்டு கட்டில்களுக்கு நடுவே கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிடுகிறான். அதற்குப் பைபிளில் வரும் எரிகோ நகரத்து மதிலின் பெயரை வைக்கிறான். அந்தப் போர்வையின் இரு பக்கமும் இரண்டு பேர் படுத்துக்கொண்டு பேசுகிறார்கள். காதல் அங்கே பிறக்கிறது. படத்தின் கடைசியில் போர்வை விழுகிறது. அந்த ஆண்டின் நடுவில்தான் ஹாலிவுட்டில் தணிக்கை நெறி கடுமையாக அமலுக்கு வந்தது. தொடுவதைக் காட்ட முடியாத படங்கள் பேச்சால் தொட்டன. தமிழ்ப் பார்வையாளருக்கு இந்த நிலை அந்நியமானதல்ல. நம் தணிக்கையும் நம் ஊர் வழக்கமும் அதே இடத்தில்தான் கோடு போட்டிருந்தன. ஃபிராங்க் காப்ரா இயக்கிய அப்படம் சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை ஆகிய ஐந்து ஆஸ்கார் விருதுகளையும் அள்ளியது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, ஏ.வி.எம். அதே கதையை ராஜ் கபூர், நர்கீஸ் நடிக்க ‘சோரி சோரி’ (1956) என்று இந்தியில் எடுத்தது. எம்.ஜி.ஆர். பத்திரிகையாளராகவும் ஜெயலலிதா வீட்டைவிட்டு வந்த பெண்ணாகவும் நடித்த ‘சந்திரோதயம்’ (1966) படத்திலும் அதன் சாயல் உண்டு.

தமிழில் இதற்கு ஈடான காட்சி எது என்று கேட்டால், பலரும் ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியைச் சொல்வார்கள். நாகேஷ் நடிக்கும் ‘ஓஹோ புரொடக்ஷன்ஸ்’ செல்லப்பா, படம் எடுக்கப் பணம் வேண்டித் தன் அப்பாவிடமே பேய்க்கதை ஒன்றைச் சொல்கிறான். காதல் ஜோடிகள் யாரும் அந்த அறையில் இல்லை. பாட்டில்லை, வெட்டித் தாவும் படத்தொகுப்பின் உதவியும் பெரிதாக இல்லை. மகன் எழுப்பும் விதவிதமான ஓசைகள், அவற்றுக்கு அப்பா முகத்தில் வரும் பதில், இவ்வளவுதான். முதல் முறை பார்ப்பவர் நாகேஷைப் பார்க்கிறார். இரண்டாம் முறை கண் பாலையாவின் பக்கம் போகிறது: அலட்சியம், ஆர்வம், சந்தேகம், அச்சம் என்று அவர் அதிகம் பேசாமலே படிப்படியாக இறங்குகிறார். மூன்றாம் முறை, ஒளிப்பதிவாளர் வின்சென்டின் கேமரா இருவரையும் எப்போது ஒரே சட்டத்தில் வைக்கிறது என்பது தெரியத் தொடங்குகிறது. ஸ்ரீதரின் இயக்கமும் கோபுவின் நகைச்சுவை எழுத்தும் அங்கே ஒன்றாகின்றன. இப்படி அடுக்கடுக்காகத் திறக்கும் காட்சிக்காகத்தான் படத்தைச் சொந்தமாக வைத்துக்கொள்கிறார்கள்.

5. பொய் வேடமும் வேலையும்: தமிழ் வகையின் தனித்தன்மை

சேகரிப்பாளர் செய்யும் இன்னொரு காரியம், படங்களை அருகருகே வைத்துப் பார்ப்பது. அப்படி வைத்தால் ஹாலிவுட்டுக்கும் தமிழுக்கும் உள்ள வேறுபாடு துலங்குகிறது. ஹாலிவுட்டில் காதலர்களுக்கு இடையே உள்ள தடை பெரும்பாலும் அவர்களே: பிடிவாதம், தன்மானம், பழைய மணமுறிவு. தமிழில் தடையாக நிற்பவர் ஒரு பெரியவர். அப்பாவோ, ஜமீன்தாரோ, முதலாளியோ. அவர் முன்னால் இளையவர்கள் வேடம் போடுகிறார்கள். அந்த வேடத்தின் பின்னால் வேலை என்ற தேவை திரும்பத் திரும்ப வருகிறது.

‘மிஸ்ஸியம்மா’வில் வேலையில்லாத இரண்டு பட்டதாரிகள் கணவன் மனைவியாக நடித்தால்தான் பள்ளிக்கூட வேலை கிடைக்கும். ஆசிரியர் பணிக்குத் தம்பதி வேண்டும் என்பது ஜமீன்தாரின் நிபந்தனை. ‘கல்யாணப் பரிசு’ தங்கவேலு மன்னார் அன் கம்பெனி என்று இல்லாத வேலைக்குப் போவதாக மனைவியிடம் கதை விடுகிறார். ‘காதலிக்க நேரமில்லை’யில் எஸ்டேட் வேலையிலிருந்து நீக்கப்பட்டவன் முதலாளி வீட்டு வாசலில் கூடாரம் அடிக்கிறான்; பணக்காரன் மகன் என்று வேடம் போடுகிறான்; அவன் நண்பன் அந்தப் பணக்கார அப்பாவாகவே தாடி ஒட்டிக்கொண்டு வருகிறான். ‘அடுத்த வீட்டுப் பெண்’ணில் பாடத் தெரியாதவனுக்கு நண்பனின் இரவல் குரல். கே. பாலசந்தரின் ‘தில்லு முல்லு’ (1981) வரை இந்த இழை அறுபடவில்லை: வேலைக்காகச் சொன்ன ஒரு பொய், அதைக் காப்பாற்ற ஒரு மீசையில்லாத தம்பி. அது ‘கோல் மால்’ (1979) இந்திப் படத்தின் மறு ஆக்கம். ‘மிஸ்ஸியம்மா’வின் வேரோ ஒரு வங்கக் கதையில் இருக்கிறது. ‘அடுத்த வீட்டுப் பெண்’ ‘பாஷேர் பாடி’ (1952) என்ற வங்கப் படத்திலிருந்து தெலுங்கு வழியாக வந்தது. அதே மூலம் பின்னர் இந்தியில் ‘படோசன்’ (1968) ஆயிற்று. ‘காதலிக்க நேரமில்லை’ இங்கிருந்து தெலுங்கு, இந்தி, கன்னடம், மராத்தி என்று பயணம் போனது. எனவே தமிழ்க் காதல் நகைச்சுவையை ஹாலிவுட்டின் நகல் என்று தள்ளுவது சரியல்ல. ‘அன்பே வா’வுக்கு ‘கம் செப்டம்பர்’ (1961) தூண்டுதல் என்பது உண்மை. ஆனால் வகை முழுவதையும் பார்த்தால் கொல்கத்தா, சென்னை, மும்பை என்று கதைகள் சுற்றிவந்த ஒரு பெருவழியே தென்படுகிறது; ஹாலிவுட் அதில் ஒரு கிளைப்பாதை.

6. மலையடிவாரத்திலிருந்து பார்த்தால்

பேச்சை நம்பிய ஹாலிவுட் படங்கள் தேவாரம் போன்ற ஊர்களுக்கு வந்தது தாமதமாகத்தான். சண்டையும் மிருகமும் மொழி தெரியாமலே புரியும், பேச்சு புரியாது. ஆங்கிலப் படம் என்றால் மதுரை ரீகல் தியேட்டர் வரை போக வேண்டியிருந்தது. 1990களின் நடுவில் கேபிள் தொலைக்காட்சி வந்தபோது, பகலில் குழந்தைகளுக்கான கார்ட்டூன் ஓடிய அதே அலைவரிசையில் இரவு டி.என்.டி. பழைய ஹாலிவுட் படங்களைக் காட்டியது. 2007 வாக்கில் மோசர் பேயர் நிறுவனம் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொண்டுவந்தபோது, பழைய தமிழ்ப் படங்கள் சிற்றூர்ப் பெட்டிக்கடை வரை வந்தன. சேகரிப்பு அதுவரை வசதியுள்ளவர் செய்யும் காரியம். இந்த இரண்டும் அதைப் பரவலாக்கின.

ஆனால் ஒரு கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. திரையில் வரும் எஸ்டேட் ஓய்வின் இடம். ‘காதலிக்க நேரமில்லை’யின் சின்னமலை எஸ்டேட் ஆழியாற்றின் பசுமையில் விரிகிறது. ‘அன்பே வா’ சிம்லாவுக்கும், ‘ஊட்டி வரை உறவு’ (1967) பெயரிலேயே மலைக்கும் போகிறது. அங்கே யாரும் வேலை செய்து நாம் பார்ப்பதில்லை. தேவாரம், கோம்பை, போடி வட்டாரத்துப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து மெட்டு ஏறி, மழையில் ஏலச்செடியின் தூரில் குனிந்து காய் எடுத்து, இருட்டும்போது இறங்குகிறார்கள். அவர்கள் எடுத்த காய் ஸ்டோர் எனப்படும் உலர் கூடத்தில் காய்ந்து போடி ஏல மையத்துக்கு வருகிறது. இந்த வாழ்க்கை திரை எஸ்டேட்டில் இல்லை. அப்படியிருக்க அவர்களை இந்தப் படங்கள் எப்படிச் சிரிக்க வைத்தன?

மக்களை ஏமாற்றும் கனவு என்று ஒரு விளக்கம் உண்டு. 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் வேலையிழந்த அமெரிக்கர்கள் கோடீஸ்வரப் பெண்ணின் காதலைப் பார்த்து மயங்கினார்கள் என்பது ஹாலிவுட் மீதான அதே குற்றச்சாட்டு. இதில் நியாயம் இருக்கிறது. இந்தப் படங்கள் உழைப்பை மறைக்கின்றன என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் இந்த விளக்கம் போதவில்லை. இப்படங்களில் சிரிப்புக்கு இலக்காவது யார்? கூலிக்காரனா? இல்லை. எஸ்டேட் முதலாளி. பணத்தைக் கண்டதும் பல்லிளிப்பவர், ஒட்டுத்தாடியைக் கண்டு கைகட்டி நிற்பவர் ‘காதலிக்க நேரமில்லை’யில் பாலையா நடித்த முதலாளி விஸ்வநாதன்தான். ‘அன்பே வா’வில் கோடீஸ்வரன் தன் சொந்த வீட்டிலேயே வாடகைக்கு இருக்க வேண்டி வருகிறது. ‘இட் ஹேப்பண்ட் ஒன் நைட்’டில் பெரும் பணக்காரரின் மகள் கையில் காசில்லாமல் பேருந்தில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டரை மணி நேரமாவது பணம் மரியாதையை இழக்கிறது. தினக்கூலி வாங்குபவருக்கு இது சிறிய மகிழ்ச்சி அல்ல.

7. எதிர்வாதங்கள்

இந்த வகையின் மீது நான் கொண்டிருக்கும் பற்று அதன் குறைகளை மறைக்கக் கூடாது. மூன்று குறைகள் முக்கியமானவை.

முதலாவது, முடிவில் எல்லாம் பழைய ஒழுங்குக்கே திரும்பிவிடுகிறது. ‘மிஸ்ஸியம்மா’ இதற்குச் சரியான சான்று. கிறிஸ்தவப் பெண் மேரிக்கும் இந்து இளைஞனுக்கும் காதல் என்று துணிச்சலாகத் தொடங்கும் படம், மேரி உண்மையில் ஜமீன்தாரின் தொலைந்துபோன மகள் என்று காட்டி முடிகிறது. மதம் கடந்த திருமணத்தை ஏற்க வேண்டிய கட்டாயத்திலிருந்து எல்லோரும் தப்பிவிடுகிறார்கள். சாதி என்ற சொல்லோ இவ்வகைப் படங்களில் பெரும்பாலும் காதில் விழுவதே இல்லை.

இரண்டாவது, பெண்ணை அடக்கும் கதைகள். ஷேக்ஸ்பியரின் நாடகத்தை ஒட்டிய ‘அறிவாளி’ (1963), பின்னர் ‘பட்டிக்காடா பட்டணமா’ (1972) போன்றவை படித்த, திமிர்பிடித்ததாகக் காட்டப்படும் மனைவியைக் கணவன் வழிக்குக் கொண்டுவருவதைச் சிரிப்பாக்கின. ஹாலிவுட்டும் இதில் பின்தங்கவில்லை. ஆனால் இதே வகைக்குள்தான் சாவித்திரியின் மேரி ஆணைவிட வேகமாகவும் கோபமாகவும் பேசினாள்; ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’யின் ஹில்டி செய்தியாளராக ஆண்களை மிஞ்சினாள். பெண் வாய் திறந்து வாதாட இடம் கொடுத்த வகையும் இது, அவள் வாயை மூட முயன்ற வகையும் இது. இரண்டையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

மூன்றாவது, சேகரிப்பின் ஒருபக்கச் சாய்வு. பெயர் தெரிந்த சேகரிப்பாளர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். அவர்கள் எதைத் தக்கதென நினைத்தார்களோ அதுவே நமக்கு மிஞ்சியிருக்கிறது. ஒலிச்சித்திரம் கேட்டுக்கொண்டே அடுப்படியிலும் ஏலக்காட்டிலும் வேலை பார்த்த பெண்கள் எந்தப் படத்தை, ஏன் விரும்பினார்கள் என்பது எந்தத் தொகுப்பிலும் இல்லை. இது பெரிய இழப்பு. நேர்காணல் வழியாக மட்டுமே ஓரளவு ஈடுகட்டக் கூடியது.

8. எது தப்பும், எது அழியும்?

ஹாலிவுட்டின் நல்ல காதல் நகைச்சுவைகளுக்குப் பாதுகாப்பு உண்டு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேடு தொடங்கிய 1989ஆம் ஆண்டிலேயே ‘சம் லைக் இட் ஹாட்’ சேர்க்கப்பட்டது. 1990இல் ‘பிரிங்கிங் அப் பேபி’, 1993இல் ‘இட் ஹேப்பண்ட் ஒன் நைட்’. சிரிப்புப் படமும் நாட்டின் செல்வம் என்று ஓர் அரசு நிறுவனம் ஏற்றுக்கொண்டது என்பதே இதன் பொருள்.

இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் தொடங்கியது 1964 பிப்ரவரியில். ‘காதலிக்க நேரமில்லை’ வெளியானதும் அதே மாதத்தில்தான். பி.கே. நாயர் அக்காப்பகத்துக்காகச் சுருள் சுருளாகத் தேடிச் சேர்த்தார். ஆனால் 1931 முதல் வந்த தமிழ்ப் பேசும் படங்களில் முதல் இருபது ஆண்டுப் படங்கள் பெரும்பகுதி இன்று இல்லை. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள், கடலோர ஈரம், வெள்ளிக்காகப் பழைய சுருளை விற்றுவிடும் பழக்கம், எல்லாம் சேர்ந்து அழித்தன. மிஞ்சியவற்றுக்கும் ஆபத்து நீங்கவில்லை. கறுப்பு வெள்ளைச் சுருளில் புளித்த நெடி அடித்தால் அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஈஸ்ட்மன் கலர் பிரிண்டுகளில் நீலமும் மஞ்சளும் மங்கி, படம் முழுதும் இளஞ்சிவப்பாகிவிடும். ‘காதலிக்க நேரமில்லை’யின் கவர்ச்சியில் பாதி அதன் வண்ணம். வண்ணம் போன பிரதியை மட்டும் பார்த்த தலைமுறைக்கு வின்சென்டின் திறமையை எப்படி விளக்குவது?

உரிமை நிலையும் மாறியிருக்கிறது. இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். ‘மிஸ்ஸியம்மா’வுக்கு அது 2015 இறுதியிலும் ‘காதலிக்க நேரமில்லை’க்கு 2024 இறுதியிலும் முடிந்தது. கதை, பாடல் வரி, இசை ஆகியவற்றின் உரிமை தனி. அவை ஆசிரியர் மறைவுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கும். ஆனாலும் படத்தை மீட்டெடுத்துத் திரையிட முன்வருவோருக்கு முன்பிருந்த தடைகளில் பெரியதொன்று விலகியிருக்கிறது. 2014இல் தொடங்கிய ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன், 2017இல் சென்னையில் சுருள் பாதுகாப்புப் பயிலரங்கு நடத்தியது. கைத்திறன் பெற்றவர்கள் இங்கே உருவாகியிருக்கிறார்கள். இனி வேண்டியது இவ்வகைப் படங்களை மீட்கத் தக்கவையாகக் கருதும் மனம்.

9. முடிவுரை

பழைய காதல் நகைச்சுவைப் படங்கள் சேகரிப்பாளரை ஈர்ப்பது ஏக்கத்தால் மட்டுமல்ல, நட்சத்திரத்தாலோ அருமையாலோ அல்ல. பலமுறை பார்க்கவும் கேட்கவும் தாங்கும் கட்டமைப்பே முதற்காரணம். அந்தக் கட்டமைப்பு ஹாலிவுட்டிலும் தமிழிலும் பேச்சில் வேர்கொண்டது. தமிழில் அது வேலைக்காகப் பெரியவர் முன் போடும் பொய் வேடமாகத் தனி வடிவம் எடுத்தது. அரசியல் படங்களை மட்டும் வைத்து எழுதப்பட்ட தமிழ்த் திரைப்பட வரலாறு, வேலையின்மையைப் பற்றித் தமிழர் சிரித்துக்கொண்டே பேசிய இந்தப் பகுதியைத் தவறவிட்டிருக்கிறது. அதை எழுதுவதற்கான முதன்மைச் சான்று இன்று பெரும்பாலும் தனியார் வீடுகளில்தான் இருக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். தேவாரம், போடி, கம்பம் வட்டார வாசகர்களே, உங்கள் வீட்டுப் பரணில் பாட்டுப் புத்தகமோ, கொட்டகை நோட்டீசோ, கதை வசன ஒலிநாடாவோ, மைக் செட்காரரின் இசைத்தட்டுப் பெட்டியோ கிடந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். எந்த ஊரில், எந்தக் கொட்டகையில், எந்த ஆண்டில் வாங்கியது என்று ஒரு தாளில் எழுதி அதனுடன் வையுங்கள். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களுக்குத் தெரிவியுங்கள். கொடுக்க மனமில்லாவிட்டால் பிரதியெடுக்க மட்டுமாவது அனுமதியுங்கள். உங்கள் பாட்டியும் அம்மாவும் எந்தப் படத்துக்குச் சிரித்தார்கள் என்று இப்போதே கேட்டு எழுதிவையுங்கள். அந்தச் சான்று அவர்களிடம் மட்டுமே இருக்கிறது.